கரையில் நின்ற பெரியசாமி

புளியங்கொட்டாய்,
வேப்பனப்பள்ளி வழி.
24-11-2025

மருமகள் லாவண்யாவுக்கு,

கங்கப்பன் சொல்ல, போஸ்டாபீஸ் மோகனப்ரியா எழுதுவது. இவள் எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் உறையை ஒட்டச் சொல்வேன். ஆகையால் இதில் உள்ளதெல்லாம் என் பேச்சு. இவள்மேல் வருத்தப்படாதே.

நீ வாங்கிக் கொடுத்த செல்போன் இந்தப் பார்சலில் இருக்கிறது. சார்ஜரும் வைத்திருக்கிறேன். இனி என்னைக் கூப்பிடாதே, உன் புருஷன் மணிவேல் போனிலிருந்தும் கூப்பிடாதே. சொல்ல வேண்டியது இருந்தால் எழுது. எழுதிவிட்டால் பிறகு அப்படிச் சொல்லவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

உன் அத்தை நேற்று கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் கட்டில்.

நடந்ததை மணிவேல் உனக்கு அரைகுறையாகச் சொல்லியிருப்பான். நான் சொல்கிறேன். பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை. பக்கத்துக் காட்டுச் சம்பங்கி கேழ்வரகுக்குக் காவலாகப் பரணில் இருந்தான். விடியற்காலை ஐந்தரைக்கு, ஒற்றைத் தந்த யானை ஏரிக்கரைமேல் ஏறுவதைப் பார்த்தான். உடனே உன் 'வழித்துணை' ஆப்பை அமுக்கி, பார்த்ததைச் சொன்னான். 'நன்றி, பதிவாகிவிட்டது' என்று அதுவும் சொன்னது. அரை மணி கழித்து உன் அத்தை நாகம்மா பால் கேனை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குக் கிளம்பினாள். நீ பழக்கியபடியே செல்லை வாய்க்கு நேராகப் பிடித்து, "கரை மேல போலாமா?" என்று கேட்டாள். நான் மாட்டைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அது சொன்ன பதிலை என் காதால் கேட்டேன். "ஏரிக்கரையில் ஆள் நடமாட்டம் இருக்கிறது. பாதுகாப்பானது. போகலாம்."

போனாள்.

எந்த ஆள்? முப்பத்தெட்டு வீட்டிலும் விசாரித்துவிட்டேன். அந்த நேரத்தில் கரையில் ஒருவரும் இல்லை. இல்லாத ஆளை உன் ஆப்பு எங்கே பார்த்தது? யானை அவளைத் தொடவில்லை. திரும்பி ஓடியவள் மதகுப் படியில் விழுந்தாள். தொட்டிருந்தால் இன்றைக்கு மோகனப்ரியா உனக்குக் கருமாதிப் பத்திரிகை எழுதிக்கொண்டிருப்பாள்.

போன வருஷம் பங்குனி, ஞாயிற்றுக்கிழமை, பஞ்சாயத்து டிவி ரூமில் நீ சொன்னது எனக்கு ஒரு சொல் மறக்கவில்லை. "மாமா, இனிமே வர்ற ஆப்புல படிக்க ஒண்ணும் இருக்காது, தேட ஒண்ணும் இருக்காது. நீங்க பேசினா போதும், மீதிய அதுவே புரிஞ்சுக்கும்." என்னத்தைப் புரிந்துகொண்டது? ஆப்பு என்று பெயர் வைத்தவன் தெரிந்துதான் வைத்திருக்கிறான்.

ஜனவரி இருபத்தாறாம் தேதி இதை நாற்பத்திரண்டு ஊருக்குக் கொடுக்கப் போகிறீர்களாம். அன்றைக்குக் கிராம சபை. நான் எழுந்து நின்று, வாங்காதீர்கள் என்று சொல்லப் போகிறேன். இதை முதலில் வைத்துப் பார்த்த ஊரே வேண்டாம் என்றால் மற்ற ஊர்க்காரர்களும் யோசிப்பார்கள்.

கங்கப்பன்
(பெருவிரல் ரேகை)

ஓசூர்
2-12-2025

மாமாவுக்கு வணக்கம்.

நான் பேனா பிடித்துப் பல வருஷம் ஆகிறது. எழுத்து கோணலாக இருந்தால் மோகனப்ரியா அக்கா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு நான் நான்கு நாள் வந்தேன். நான்கு நாளும் நீங்கள் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். அத்தை மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர உடு, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் தேடினேன். வழித்துணை எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் அமைப்பை வரைந்தவள் நான். ஒருவர் பேசியதும் அந்தக் குரல் பெங்களூரில் இருக்கும் எங்கள் சர்வருக்குப் போகும். அங்கே ஒரு மென்பொருள் அதைக் கேட்டு, என்ன சொல்கிறார் என்று முடிவு செய்யும். குரலை அங்கேயே வைத்துக்கொண்டு, முடிவை மட்டும் மற்றவர்களுக்குச் சொல்லும். யானை என்று வந்தால் எச்சரிக்கை. மனிதர்கள் இருக்கிறார்கள் என்று வந்தால் அந்தப் பாதை பாதுகாப்பு.

அன்று காலை அந்தப் பகுதியில் யானை என்று ஒருவரும் சொல்லவில்லை மாமா. உங்கள் ஊரில் புழங்கும் மூன்று மொழியிலும் தேடிவிட்டேன். யானை இல்லை, ஆனெ இல்லை, ஏனுகு இல்லை. 5.34க்குச் சம்பங்கி அண்ணன் பேசியது மட்டும்தான் இருக்கிறது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பெரியசாமி கரை மேல நின்னுகினு இருக்காரு. மதகு பக்கம் போறாரு."

இந்தப் பெரியசாமி யார்? நீங்கள் முப்பத்தெட்டு வீட்டிலும் கேட்டதாகச் சொல்கிறீர்கள். இவரைக் கேட்டீர்களா? அன்று கரையில் நின்றது தான்தான் என்று இவரிடம் எழுதி வாங்கச் சொல்கிறார் எங்கள் மேலாளர் ஜெகதீஷ் சார். "யானையப் பத்தி யாரும் ரிப்போர்ட் பண்ணல, சிஸ்டம் கரெக்டா வேலை செஞ்சிருக்கு" என்று முடித்துவிடலாம் என்கிறார். இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் நான் அறிக்கை கொடுக்க வேண்டும்.

சம்பங்கி அண்ணன் பார்த்தது யானையையா, அந்த ஆளையா? யானையை என்றால் யானை என்று ஏன் சொல்லவில்லை?

லாவண்யா

புளியங்கொட்டாய்
14-12-2025

மருமகள் லாவண்யாவுக்கு,

உன் கடிதத்தை வாசித்துக்கொண்டே வந்த மோகனப்ரியா ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். "ஏம்மா நிறுத்திட்ட?" என்றேன். "வெளக்கு வெக்கிற நேரத்துல இந்தப் பேர எப்பிடி பெரிப்பா வாய் விட்டுச் சொல்றது?" என்றாள். காகிதத்தை என் பக்கம் திருப்பி விரலால் தொட்டுக் காட்டினாள். எழுத்துத் தெரியாத எனக்கு அந்த ஒரு சொல் தெரிந்துவிட்டது.

பதில் சொல்ல ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். இன்றைக்குச் சொல்கிறேன்.

அந்தப் பெயரில் இங்கே ஆள் கிடையாது. யானை எதிரில் இல்லாதபோது நாங்கள் யானை என்போம். ஊர்க்கதை பேசும்போதும், பாரஸ்ட்காரரிடம் மனு கொடுக்கும்போதும் யானைதான். எதிரில் வந்து நின்றுவிட்டால் அந்தச் சொல் வராது. அப்போது சொல்ல ஒரு மரியாதைப் பெயர் உண்டு. நீ எழுதியது அதுதான். அவர் நிற்கும்போது மட்டும் அதைச் சொல்வோம். இல்லாதபோது சொன்னால் கூப்பிட்டதாக ஆகும், வந்துவிடுவார். அதனால்தான் எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கும் அந்தப் பெயர் வைப்பதில்லை. சம்பங்கி பார்த்ததைப் பார்த்தபடியேதான் சொன்னான். உன் ஆப்பு அவரை ஓர் ஆள் என்று எடுத்துக்கொண்டு, அவர் நிற்கிற இடத்துக்கே நாகம்மாவை அனுப்பிவைத்தது.

இனி என் பங்கு. அந்தப் பங்குனி ஞாயிற்றுக்கிழமை டிவி ரூமில் பதினோரு பேர் இருந்தோம். கரண்ட் இல்லை. உன் மைக்குக்கு மஞ்சள் பஞ்சு போட்டிருந்தாய். முதலில் என்னை உட்கார வைத்துக் கேட்டாய்: "மாமா, யானை முன்னால வந்துட்டா என்னன்னு சொல்லுவீங்க?" நான் சம்பங்கியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். "யானைன்னுதான்" என்றேன். இருபது தடவை சொல்லச் சொன்னாய், சொன்னேன். நான் சொன்னதையே மற்ற பத்துப் பேரும் சொன்னார்கள். அவர் இல்லாத இடத்தில், பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில், அந்தப் பெயரை இருபது தடவை சொல்லி எதற்கு ஊருக்குள் அழைப்பது என்று நினைத்தேன். அது பொய் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. நாகம்மா ராத்திரியில் புரள முடியாமல் முனகும்போது தோன்றுகிறது.

என் தப்பைச் சொல்லிவிட்டேன். அதனால் உன் தப்பு இல்லாமல் போய்விடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல உன் ஆப்புக்கு என்ன கேடு?

கங்கப்பன்

ஓசூர்
20-12-2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். பிறகு அந்தப் பங்குனி நாளின் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். சம்பங்கி அண்ணன் தரையைப் பார்ப்பது அதில் இருக்கிறது. நீங்கள் பதில் சொல்லுமுன் கொஞ்ச நேரம் சும்மா இருப்பதும் இருக்கிறது. ஆப்புக்குக் கொடுத்த குரல் பதிவிலிருந்து அந்த மௌனத்தை நான்தான் வெட்டி எடுத்தேன். தேவையில்லாத இடைவெளி என்று.

எனக்குக் கோபமாகவும் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். எட்டு வருஷமாக உங்கள் வீட்டு மருமகள். கேழ்வரகுக் களி கிண்டக் கற்றுக்கொண்டேன், மாடு கறக்கக் கற்றுக்கொண்டேன். இந்த ஒரு பெயரை எனக்கு யாரும் சொல்லவில்லை. பட்டுக்கோட்டைக்காரிக்கு எதற்கு என்று விட்டுவிட்டீர்களா?

ஆப்பில் குறை இல்லை என்று நான் எழுதிக் கொடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினேன். ஜெகதீஷ் சார் படித்துவிட்டு, "ஒரு வார்த்தைதானே லாவண்யா, சேத்துட்டா முடிஞ்சுது" என்றார். சேர்க்க வேண்டுமென்றால் அந்தப் பெயரை நாற்பது குரலிலாவது சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் ஆரம்பித்தால் மற்றவர்கள் சொல்வார்கள். அன்றைக்கும் அப்படித்தானே நடந்தது.

கேட்பதற்கே பயமாக இருக்கிறது. ஆனால் கேட்காமல் விட்டால் இருபத்தாறாம் தேதி அதே ஆப்பு நாற்பத்திரண்டு ஊருக்குப் போகும். அத்தனை ஊரிலும் விடியற்காலையில் யாராவது பால் கேனைத் தூக்கிக்கொண்டு 'போகலாமா' என்று கேட்பார்கள்.

லாவண்யா

புளியங்கொட்டாய்
29-12-2025

லாவண்யாவுக்கு,

சொல்ல மாட்டேன். இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். சம்பங்கியிடம் கேட்டுப் பார்த்தேன். "உம் மருமவளுக்குப் பைத்தியமா? ஏற்கெனவே வாரத்துக்கு ரெண்டு தரம் வர்றாரு. நாப்பது பேரு கூப்ட்டா குடும்பத்தோட வருவாரு" என்றான்.

நான் ஒரு பேச்சுக்குச் சொன்னால்கூட உன் வேலை தீராது. எங்களுக்கு ஒரு பெயர். தளி பக்கம் என்ன சொல்கிறார்களோ, அஞ்செட்டியில் என்ன சொல்கிறார்களோ. அங்கேயும் மைக்கைப் பார்த்து யானை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இந்த மோகனப்ரியாவைப் பார். நான் 'வந்துது' என்றால் 'வந்தது' என்று எழுதுகிறாள். போகட்டும். ஆனால் என் பேச்சைத் தானே வைத்துக்கொண்டு, கங்கப்பன் நலம் என்று ஒரு வரி எழுதி உனக்கு அனுப்பினால் இவளை நான் சும்மா விடுவேனா? உன் பெங்களூர் அதைத்தான் செய்தது. சம்பங்கி குரல் நாகம்மா காதில் விழுந்திருந்தால் அவள் வாசலைத் தாண்டியிருக்க மாட்டாள்.

கிராம சபையில் பேசுவேன் என்று சொன்னது சொன்னதுதான்.

நீ பட்டுக்கோட்டையைப் பற்றி எழுதியதை வாசித்தபோது உன் அத்தை கட்டிலில் இருந்தபடி என்னைக் கேட்டாள்: "எட்டு வருசமா அவகிட்ட சொல்லாதது யாரு? நீயா, நானா?" நான் வெளியே போய்விட்டேன்.

கங்கப்பன்

ஓசூர்
8-1-2026

மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை மணிவேல் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே அதே செல்போன். தயவுசெய்து திருப்பி அனுப்பாதீர்கள்.

அமைப்பை முழுசாக மாற்றி வரைந்துவிட்டேன். இப்போது ஒருவர் பேசினால் அந்தக் குரல் அப்படியே, ஒரு சொல் மாறாமல், பக்கத்தில் இருக்கும் எல்லா செல்லுக்கும் நேராகப் போகும். மென்பொருளுக்குப் புரிந்தாலும் போகும், புரியாவிட்டாலும் போகும். கேட்கிறவர் புரிந்துகொள்வார். யாரும் ஒன்றும் சொல்லாத நேரத்தில் 'போகலாமா' என்று கேட்டால், "எனக்குத் தெரியாது. கடைசியாக யாரும் எதுவும் சொல்லவில்லை" என்று மட்டும் சொல்லும். போகலாம் என்ற சொல்லையே அதன் வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஜெகதீஷ் சாருக்குப் பிடிக்கவில்லை. "இனிமே மனுசனுக்குப் பதிலா எல்லா முடிவையும் ஆப்பே எடுக்கப் போகுது. நீ என்னடான்னா தெரியாதுன்னு சொல்ற ஆப்பைக் கொண்டுவர்ற. எவன் வாங்குவான்?" என்றார். இரண்டு மணி நேரம் வாதாடினேன். கடைசியில் ஒரு கெடு கொடுத்தார். உங்கள் ஊரில் மட்டும் புதியதைப் போட்டிருக்கிறோம். இருபதாம் தேதிக்குள் உண்மையான ஓர் எச்சரிக்கை இதன் வழியாகப் போய்ச் சேர்ந்தால் நாற்பத்திரண்டு ஊருக்கும் இதுதான். இல்லாவிட்டால் பழையதையே ஒரு வார்த்தை சேர்த்துக் கொடுத்துவிடுவார். அதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதற்கு அப்புறம் எனக்கு அங்கே வேலை இருக்காது. அது பரவாயில்லை. பழையது எல்லா ஊருக்கும் போய்விடும், அதுதான் பயம்.

இதைச் சும்மா சோதித்துப் பார்க்க முடியாது என்று இப்போது எனக்குத் தெரியும். அவர் எதிரில் நிற்க வேண்டும். தினமும் சாமி விளக்கின் முன்னால் நின்று, வரக் கூடாது என்றும் வேண்டிக்கொள்கிறேன், வர வேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன்.

என் நம்பரும் உங்கள் ஊர் செல்களோடு சேர்ந்திருக்கிறது. யார் பேசினாலும் எனக்கும் கேட்கும்.

லாவண்யா

புளியங்கொட்டாய்
27-1-2026

லாவண்யாவுக்கு,

மணிவேல் கொண்டுவந்த செல்லை நான் தொடவில்லை. மாட்டுக்கொட்டகை ஆணியில் மஞ்சள் பையோடு மாட்டிவிட்டேன். உன் அத்தை கட்டிலில் இருந்தபடியே வருகிறவர் போகிறவரிடம் கொடுத்துச் சார்ஜ் போட்டு வாங்கித் திரும்ப மாட்ட வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. கொட்டகை ஓரத்தில் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தேன். கரைக்கு அந்தப் பக்கம் புளியமர மறைவில் அவர் நிற்கிறார். அதே ஒற்றைத் தந்தம். மதகிலிருந்து இருநூறு அடி இருக்கும். இந்தப் பக்கம் ஆறு பெண்கள் பால் கேனோடு வரிசையாகக் கரைமேல் வந்துகொண்டிருக்கிறார்கள், சிரித்துக்கொண்டு. அவர்களுக்கு மரம் மறைக்கிறது. கத்தினேன். எதிர்க்காற்று. அவர் காது அசைந்தது, அவர்கள் யாரும் திரும்பவில்லை.

ஆணியில் தொங்கிய பையிலிருந்து செல்லை எடுத்து அமுக்கினேன். பெயரைச் சொன்னேன். எதிரில் நிற்கிறார், சொல்லலாம். இருக்கிற இடத்தைச் சொன்னேன். அடுத்த நொடி என் குரல் அந்த ஆறு பேர் இடுப்பிலிருந்தும் வந்தது. முன்னால் போன ஜோதியம்மாள் நின்றாள். ஒருத்தியும் ஓடவில்லை, கேனைக்கூடக் கீழே போடவில்லை. பின்பக்கமாகவே அடியெடுத்து அரை பர்லாங்கு வந்து பள்ளிக்கூடச் சந்துக்குள் போய்விட்டார்கள். அவர் தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

புதியதுதான் எல்லா ஊருக்கும் வந்திருக்கிறது என்று மோகனப்ரியா சொன்னாள். நேற்றுக் கிராம சபையில் எழுந்து நின்றேன். "என்னப்பா கங்கப்பா, வாங்க வேணாம்னு சொல்லப் போறியா?" என்று தலைவர் கேட்டார். "இது தெரியாதத தெரியாதுன்னு சொல்லுது. அந்த மட்டுக்கும் வாங்கலாம். எப்பவாச்சும் திரும்பப் போலாம்னு சொல்ல ஆரம்பிச்சா என்கிட்ட வந்து சொல்லுங்க" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

இனி ஒரு விஷயம். உன்னிடம் பேசிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அது பால் கொண்டு வந்தவர்களுக்குச் சொன்னது. அந்தக் குரல் இப்போது உன் ஆபீசில் இருக்கும். யாராவது போட்டுக் கேட்பார்கள், நாலு பேருக்குக் காட்டுவார்கள். அவர் இல்லாத இடத்தில் அந்தப் பெயர் ஒலிக்கக் கூடாது. அழித்துவிடு. எல்லாருடையதையும் அழி.

உன் அத்தை நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்தாள்.

கங்கப்பன்

ஓசூர்
3-2-2026

மாமாவுக்கு,

அழித்துவிட்டேன். உங்களுடையது மட்டுமல்ல. இனி யார் குரலும் எங்களிடம் தங்காது. போய்ச் சேர வேண்டிய செல்களில் ஒரு மணி நேரம் இருக்கும், பிறகு தானாகப் போய்விடும். நாற்பத்திரண்டு ஊருக்கும் அப்படித்தான் அமைத்திருக்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மீட்டிங்கில் இருந்தேன். மேசைமேல் இருந்த என் செல்லிலிருந்து உங்கள் குரல் வந்தது. அறையில் எல்லாரும் செல்லைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜெகதீஷ் சார், "யாரு அது, பெரிய—" என்று ஆரம்பித்தார். "சார், அந்தப் பேரை இங்க சொல்லாதீங்க" என்றேன். என்ன நினைத்தாரோ, அவரும் நிறுத்திக்கொண்டார்.

பால் கொண்டு வந்தவர்களுக்குச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி மாமா. ஆனால் அவர்கள் சந்துக்குள் போன பிறகும் நீங்கள் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம். அப்புறம், "லாவண்யா, கேக்குதா?" என்றீர்கள்.

அந்த இரண்டு சொல்லை மட்டும் வெட்டி எடுத்து என்னிடம் வைத்திருக்கிறேன். அது அவருடைய பெயர் இல்லையே.

கேட்டது மாமா.

லாவண்யா